ரஜ்ஜு வரியில் உறங்கிய கம்ப்யூட்டர்

திருவண்ணாமலை

சிரஞ்சீவி மைத்துனன் மூர்த்திக்கு, மாமா தசரதன் அநேக ஆசிகளுடன் எழுதுவது. இங்கு நானும் உன் அக்காவும் மணிமொழியும் அண்ணாமலையார் தயவில் சௌக்கியம். உன் ஆபீஸில் கழித்துப்போட்டதென்று சென்னையிலிருந்து கொண்டுவந்து வைத்தாயே ஒரு கம்ப்யூட்டர், அதுதான் சௌக்கியமில்லை.

வாசல் அறையில் அதை வைத்துக்கொண்டு, ஊராருக்கு ஜாதகம் கணித்துக் கொடுத்து நிம்மதியாகத்தான் இருந்தேன். தீபாவளிக்கு வந்த நீ சும்மா இருந்தாயா? "மாமா, இதுல மெமரி ரொம்ப கம்மி. ஒரு நேரத்துல ஒரு புரோகிராம்தான் ஓடும். இந்த ஃப்ளாப்பியப் போட்டா ரெண்டு ஓடும்" என்று எதையோ ஏற்றிவிட்டுப் போனாய். ஜாதகத்தோடு கல்யாணப் பத்திரிகையும் அடிக்கலாம் என்று எனக்கும் ஆசை வந்துவிட்டது. இரண்டு பொத்தானைச் சேர்த்து அமுக்கினால் இது உறங்கும், அது எழும். எழுவதற்குள் மிஷினுக்கும் மூச்சு வாங்கும், எனக்கும் வாங்கும்.

வெள்ளிக்கிழமை சகாதேவன் வீட்டுப் பத்திரிகை பாதி அச்சாகியிருந்தது. பெண், பிள்ளை பெயரெல்லாம் வந்து முடிந்த நேரத்தில் நம் மணிமொழியைப் பெண் பார்க்கப் போளூர்க்காரர்கள் வந்துவிட்டார்கள். பையன் அறிவுமதி தங்கமான பையன். அவன் அம்மா ரேணுகாம்பாள், "ஊருக்கெல்லாம் பொருத்தம் பாக்கறீங்க, நம்ம புள்ளைங்களுக்கும் இப்பவே பாத்துடுங்க" என்று மிஷின் முன்னால் உட்கார்ந்துவிட்டார். இதுவரை வந்த வரன் எல்லாம், மாங்கல்ய பலம் சொல்லும் ரஜ்ஜுப் பொருத்தம் இல்லையென்றுதானே தட்டிப்போயின? பத்திரிகையை உறங்கவைத்து ஜாதகத்தை எழுப்பினேன். பிரிண்டர் கர் கர்ரென்று அடிக்க, அந்தம்மா ஒவ்வொரு வரியாக உரக்கப் படிக்கிறார். தினம் உண்டு, கணம் உண்டு, வசியம் உண்டு. "ரஜ்ஜுப் பொருத்தம்" என்று அடித்தது பார், அங்கே நின்றது. ஸ்கிரீன் கறுத்தது. பிறகு தானாகவே அடிக்க ஆரம்பித்தது: "தை மாதக் கடைசி முகூர்த்தத்தில், தேரடி வீதிக் கல்யாண மண்டபத்தில், தாங்கள் சுற்றமும் நட்பும் சூழ வந்திருந்து மணமக்களை வாழ்த்த வேண்டுகிறோம். மாலையில் பாட்டுக் கச்சேரி உண்டு."

நான் செத்தேன் என்று நினைத்தேன். அந்தம்மாவோ எழுந்து மலையைப் பார்த்துக் கும்பிட்டார். "என்னாங்க சம்மந்தி இது! அண்ணாமலையாரே தேதி வெச்சு, மண்டபமும் சொல்லிட்டாரு. இதுக்கு மேல ரஜ்ஜு என்னாத்துக்கு?" என்று அங்கேயே தட்டு மாற்றிவிட்டார். ஆனால் அந்தத் தேதியும் மண்டபமும் சகாதேவனுடையவை ஆயிற்றே! ஓடிப்போய்க் காலில் விழாத குறையாகக் கேட்டேன். மனுஷன் சிரித்துவிட்டு, "மாடி உங்களுக்கு, கீழ எங்களுக்கு. சாம்பார் மட்டும் ஒண்ணா வெச்சுக்கலாம்" என்றுவிட்டார். வாசலில் நின்று அழுதுவிட்டேன், மூர்த்தி. சந்தோஷத்தில்தான்.

இருந்தாலும் இப்படித் தானாகவே தாவுகிற புரோகிராம் எனக்கு வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையே வந்து அதை எடுத்துவிடு, முடிந்தால் மிஷினையும் சேர்த்துக் கொண்டுபோ. உன் வீட்டில் எல்லோரும் நோய்நொடி இல்லாமல் இருக்க, மலையைப் பார்த்து வேண்டிக்கொள்ளும்,
மாமா தசரதன்

பி.கு.: கவரை ஒட்டுவதற்குள் மணிமொழி இதைப் படித்துவிட்டாள். "மிஷின் தானா தாவலப்பா. காலையிலயே எங்க ரெண்டு ஜாதகத்தையும் நான் ஓட்டிப் பாத்துட்டேன், ரஜ்ஜு இல்லைனு வந்துச்சு. எனக்கு அவர புடிச்சிருந்துது. காபி குடுக்கற சாக்குல நான்தான் அந்த ரெண்டு பொத்தானையும் அமுக்கினேன்" என்கிறாள். புரோகிராம் இருக்கட்டும், மூர்த்தி. இனிமேல் எந்த வீட்டுப் பெண்ணாவது இங்கே உட்கார்ந்து ரஜ்ஜு வரியைப் பார்த்து முகம் வாடினால், நானே அமுக்குவதாக இருக்கிறேன்.