மந்திரித்த விரிப்பு

தவழ் சாமியாரின் மண்டப வாசலில் விடிந்ததுமே நெரிசல். எல்லார் இடுப்பிலும் ஒரு பிள்ளை. தவழாத பிள்ளையைத் தவழ வைப்பாராம். கூடவே புத்தியையும் திறந்துவிடுவாராம். அவர் மந்திரித்த விரிப்பில் தினம் ஒரு மணி நேரம் குப்புறப் போட்டால் போதும். ஒரே மாதத்தில் பிள்ளை தவழும், ஒளித்துவைத்த கரண்டியைத் தேடும், படி விளிம்பில் நின்று யோசிக்கும். ஊரே வாயைப் பிளந்தது.

அந்த விரிப்புகளைத் தைத்துக் கொடுத்தவள் ஒரு தையற்காரி. அவள் மகனுக்குப் பத்து மாதம். தவழவில்லை. தரையில் விட்டால் சளி பிடிக்கும், கண் படும் என்று மாமியார் அவனை இடுப்பைவிட்டு இறக்கவே மாட்டார். அவர் கை ஓய்ந்தால் தொட்டில். பையன் மந்தமோ என்று தையற்காரி பயந்தாள். சாமியாரிடம் போய்க் கெஞ்சினாள். அடுத்த மாதம் வரச் சொன்னார். சக்திக்கும் வரிசை உண்டல்லவா!

அதற்குள் மாமியாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது. தொட்டில் கயிறும் அறுந்தது. வேறு வழியில்லாமல் மந்திரிக்காத விரிப்பொன்றை மெஷின் பக்கத்தில் போட்டுப் பையனை இறக்கிவிட்டாள். முதல் நாள் கத்தினான். நாலாம் நாள் புரண்டான். மூன்றாம் வாரம் தவழ்ந்து வந்து, துணிக்கடியில் அவள் மறைத்த நூல்கண்டை எடுத்துக்கொண்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"அடப் பாவிகளா, இதுக்கா மந்திரம்!" என்றாள். அழுகையும் சிரிப்பும் சேர்ந்தே வந்தன.

சொன்ன நாளில் மண்டபத்துக்குப் போய், சாமியார் முன் இரண்டு விரிப்புகளைப் போட்டாள்.

"சாமி, ஒண்ணு பக்கத்து வீட்டுக்கு நீங்க மந்திரிச்சுக் கொடுத்தது. இன்னொண்ணு நேத்து நான் தைச்சது. எது உங்களுதுன்னு சொல்லுங்க."

சாமியார் கண்ணை மூடினார். "இதோ, இதுல சக்தி கொதிக்குது!"

"அதுல குண்டூசிகூட இன்னும் எடுக்கலை சாமி."

"நம்பிக்கையில்லாம வந்தா சக்தி ஒளிஞ்சுக்கும்மா."

"எங்க வாண்டு ஒளிச்சதைக் கண்டுபிடிப்பான், இருங்க." பையனை வெறுந்தரையில் விட்டாள். அவன் நேரே ஆசனத்துக்கடியில் போய்ச் சாமியாரின் செருப்பை இழுத்துவந்தான்.

"அப்போ விரிப்பே வேணாமா அக்கா?" என்றாள் வரிசையில் நின்ற ஒருத்தி.

"தரையைப் பெருக்கிட்டு இறக்கி விடு, போதும். தானா நகர்ந்தாத்தான் தேடும், பயப்படும், யோசிக்கும். இடுப்புலயே இருந்தா நீ காட்டுறதைத்தானே பார்க்கும்?"

சாமியார் வெறுங்காலோடு நடையைக் கட்டினார். பிள்ளைகள் அன்றே தரைக்கு வந்தன. பெரியவர்கள்தான் இன்னும் யாரோ ஒருவர் இடுப்பில் சுகமாக உட்கார்ந்திருக்கிறார்கள். இறங்குங்கள் ஐயா, தவழும் பிள்ளைக்கு இருக்கும் துணிச்சல் உங்களுக்கு இல்லையா?