கம்பெனிக்கு வேண்டப்பட்டவர்

எந்த ஊரில் ஒரு வெளிநாட்டுக் கம்பெனி வேலி போட ஆரம்பிக்கிறதோ, அந்த ஊரில் வேலிக்கல்லின் சிமெண்ட் காய்வதற்குள் ஒருவர் முளைத்துவிடுவார். கம்பெனி அவரை வேலைக்கு வைத்திருக்காது. கம்பெனிக்கு அவர் பெயர்கூடத் தெரியாது. ஆனாலும் முதலாளி நேற்று என்ன சாப்பிட்டார், நாளைக்கு யாரை எடுக்கப்போகிறார், எடுத்தபிறகு யாரை அனுப்பப்போகிறார், எந்தப் பக்கத்து நிலம் அடுத்து போகும், எந்தப் பக்கத்து நிலம் போகவே போகாது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. எப்படித் தெரியும் என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள். கேட்டால் இடமும் வலமும் பார்த்து, குரலைத் தாழ்த்தி, "வெளியில சொல்லிறாதீங்க" என்பார். அதே விஷயத்தை அன்று காலையிலிருந்து நாற்பது பேரிடம் சொல்லி முடித்திருப்பார். இந்த இனத்துக்குக் 'கம்பெனிக்கு வேண்டப்பட்டவர்' என்று பெயர்.

பாடாலூர்ப் பக்கத்தில் இந்த இனத்தின் தலைசிறந்த மாதிரி ராசாங்கம்.

ராசாங்கம் ஒருகாலத்தில் சிங்கப்பூரில் இருந்தவர். கப்பல் பட்டறையில் பெயிண்ட் அடித்தார் என்று அவர் மனைவி லீலாவதி சொல்வாள். "கப்பல் லைன்ல இருந்தேன்" என்று அவர் சொல்வார். ஊருக்குத் திரும்பி மக்காச்சோளமும் சின்ன வெங்காயமும் போட்டுக்கொண்டு, யாரும் கவனிக்காத ஒரு மனிதராகத்தான் இருந்தார். அப்போதுதான் ஊருக்கு வெளியே தைவான்காரர்களின் செருப்புக் கம்பெனி வந்தது. மறுவாரமே ராசாங்கம் பெரம்பலூர் போய் ஹார்டுவேர் கடையில் மஞ்சள் நிறத் தொப்பி ஒன்றை வாங்கி வந்தார். கட்டட வேலைக்காரர்கள் தலையில் மாட்டுவார்களே, அது. அதை மாட்டிக்கொண்டு மொபெட்டில் போனார். கழுத்தில் ஒரு நீலக் கயிறு. அதன் நுனி சட்டைப்பைக்குள் போகும். உள்ளே இருப்பது என்ன அட்டை என்று ஊரில் யாரும் பார்த்ததில்லை. ரேஷன் அட்டை என்று லீலாவதிக்கு மட்டும் தெரியும்.

அவர் கச்சேரி தர்மராஜின் டீக்கடையில் நடக்கும்.

"இத்தன ஊரு இருக்க நம்மூருக்கு ஏண்ணே வந்தான் தைவான்காரன்?" என்று தர்மராஜ் கேட்பார். கேட்காவிட்டாலும் ராசாங்கம் பதில் சொல்வார்.

"வெளிநாட்டுக்காரன் எங்க பணத்தப் போடுவான்? கடலோர ஊர்ல போடுவான்."

"நம்மூருல ஏதுண்ணே கடலு?"

"காரை ஓடையில கல்லாப் போன நத்தை கெடக்குதே, அது என்ன மாரியாத்தா கோயில் கொளத்து நத்தையா? கடல் நத்தைடா! ஒரு காலத்துல இங்க பூரா கடலு. அவன் கம்ப்யூட்டர்ல நம்மூரு இன்னும் கடலோர ஊருதான். கடல்தான் கொஞ்சம் தள்ளிப் போயிருச்சு."

இதற்கு மேல் யார் என்ன கேட்க முடியும்? சரி, கம்பெனிக்காரர்கள் வந்தால் தங்க இடம் வேண்டுமே என்று தன் வீட்டு மாடியில் மூன்று அறைகள் கட்டினார். ஒவ்வொன்றிலும் ஏசி மாட்ட ஓட்டை. குளியலறையில் ஆள் படுத்துக் குளிக்கிற வெள்ளைத் தொட்டி. "ஆபீசருங்க வராங்க, தொட்டியில்லாம குளிக்க மாட்டாங்க" என்றார். ஆபீசர்கள் திருச்சியில் ஓட்டலில் தங்கிக்கொண்டு காரில் வந்து போனார்கள். தொட்டியில் லீலாவதி வெங்காயத்தைக் கொட்டிவைத்தாள்.

இந்த நிலையில்தான் கம்பெனி சார்பில் அரசுப் பள்ளிக்கூடத்துக்குக் குடிநீர் இயந்திரம் கொடுத்து ஒரு விழா நடந்தது. மேடையில் மாலை, பந்தல், ஒலிபெருக்கி எல்லாம் தயார். கம்பெனியின் மேலாளர் லின் மேடம் வந்துவிட்டார். நாற்பது வயதுக்காரர், ஒல்லியான உடம்பு, ஓயாமல் கைக்கடிகாரத்தைப் பார்க்கிற பழக்கம். வராதவள் மஞ்சு ஒருத்திதான். மஞ்சு குரும்பலூர்ப் பெண். சென்னையில் சீன மொழி படித்துவிட்டு லின் மேடத்துக்கு மொழிபெயர்ப்பாளராக இருப்பவள். அவள் வண்டி பஞ்சராகி வழியில் நின்றுவிட்டது.

தலைமையாசிரியர் கையைப் பிசைந்தார். கூட்டத்திலிருந்து யாரோ, "நம்ம ராசாங்கம் அண்ணனுக்குத்தான் அந்த பாஷை தண்ணி பட்ட பாடாச்சே!" என்று குரல் கொடுத்தார்கள்.

ராசாங்கம் பின்வரிசைப் பக்கம் நகரப் பார்த்தார். பாஷை தெரியும் என்று அவர் எப்போது சொன்னார்? எப்போது சொல்லவில்லை என்று கேட்பதுதான் சரி. "இன்னிக்கு தொண்ட சரியில்ல" என்று முனகினார். அதற்குள் நாலு கைகள் அவரைத் தூக்காத குறையாக மேடையில் ஏற்றிவிட்டன.

சிங்கப்பூரில் அவர் கற்றுக்கொண்ட சீனப் பேச்சு மொத்தம் ஒரே வாக்கியம். பட்டறையில் வயசான மேஸ்திரி ஒருவர் தினமும் மதியம் கேட்பது. அதன் அர்த்தம்கூட அவருக்கு அரைகுறையாகத்தான் நினைவிருந்தது. வேறு வழியில்லாமல் லின் மேடத்தைப் பார்த்துக் கும்பிட்டு, "சியா பா புவே?" என்றார்.

லின் மேடம் கையிலிருந்த காகிதத்தைக் கீழே விட்டார். கண் விரிந்தது. ராசாங்கத்தின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். பிடித்துக்கொண்டு பேசினார் பாருங்கள்! மதகு திறந்த ஏரி மாதிரி பேசினார், சிரித்தார், நடுவில் கண்ணைத் துடைத்துக்கொண்டார், கடைசியில் ஏதோ கேள்வி கேட்டார். ராசாங்கம் தலையை ஆட்டினார். மறுபடியும் கேட்டார். மறுபடியும் ஆட்டினார். பந்தல் கைதட்டலில் அதிர்ந்தது.

"மேடம் என்ன சொல்றாங்க?" என்று ஒலிபெருக்கியை நீட்டினார் தலைமையாசிரியர்.

"எல்லாருக்கும் வணக்கம்ங்கறாங்க."

"இம்மா நேரம் பேசுனதுக்கு ஒரு வணக்கம்தானாண்ணே?" என்று கூட்டத்தில் ஒரு குரல் கேட்டது.

நியாயமான கேள்வி. ஊரே அண்ணாந்து பார்த்தது. முன் வரிசையில் பெண்கள், பின் வரிசையில் இளவட்டங்கள், ஓரத்தில் பக்கத்து வீட்டு மாயவன். அத்தனை முகங்களிலும் ஒரே எதிர்பார்ப்பு. அந்த முகங்களை ஏமாற்ற யாருக்கு மனசு வரும்? ராசாங்கம் தொண்டையைச் செருமினார்.

"ரெண்டாவது யூனிட் போடப்போறாங்களாம்! வூட்டுக்கு ஒரு ஆளுக்கு வேலையாம்! தையல் தெரிஞ்சவங்களுக்கு மொதல்ல குடுப்பாங்களாம்! வேலைக்கிப் போக வூட்டு வாசலுக்கே பஸ்சு வருமாம்!"

பஸ் என்றதும் ஒருவர் விசிலடித்தார். ராசாங்கம் அதற்கு ஏசியும் போட்டுக் கொடுத்தார்.

அவர் பொய் சொன்னார் என்று நினைக்கிறீர்களா? அங்கேதான் இந்த இனத்தைப் புரிந்துகொள்ளாமல் போகிறீர்கள். வாயிலிருந்து வரும்வரை அது கற்பனை. வந்து விழுந்து, நாலு பேர் கைதட்டிவிட்டால், அதை முதலில் நம்புகிறவர் அவர்தான். மேடையிலிருந்து இறங்கும்போது ராசாங்கத்தின் மனக்கண்ணில் இரண்டாவது யூனிட்டுக்குக் கூரை போட்டாகிவிட்டது.

ஓரத்தில் நின்ற மாயவன் அங்கேயே போனை எடுத்தார். அவர் மகள் சுவாதி திருப்பூரில் பனியன் கம்பெனியில் தைத்துக்கொண்டிருந்தாள். "அங்க கணக்க முடிச்சிட்டு கெளம்பி வா சாமி. நம்மூர்லயே வேல. ராசாங்கம் மாமா சொல்லியாச்சு."

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுவாதி பையும் தலையணையுமாக வந்து இறங்கினாள். இறங்கிய கையோடு ராசாங்கம் வீட்டு வாசலில் நின்றாள்.

"மாமா, வேலைய வுட்டுட்டு வந்துட்டேன். எப்பலேருந்து சேரணும் மாமா?"

ராசாங்கம் சொம்புத் தண்ணீரைக் குடித்தார். இன்னொரு சொம்பு கேட்டு வாங்கிக் குடித்தார். இரண்டாவது யூனிட் கூரையோடு சரிந்து அவர் தலையில் விழுந்துகொண்டிருந்தது. அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியாமல் சுவரிலிருந்த காலண்டரைப் பார்த்தார்.

"சொல்லுங்க, புள்ள கேக்குதுல்ல?" என்றாள் லீலாவதி.

அவர் வாயைத் திறப்பதற்குள் தெருவில் கம்பெனிக் கார் வந்து நின்றது.

லின் மேடம் ஒரு கூடை ஆப்பிளோடு இறங்கினார். பின்னாலேயே மஞ்சு. அவர்களுக்குப் பின்னால் ஊர். ராசாங்கம் வீட்டுக்கே கம்பெனி வந்துவிட்டது என்ற செய்தி, கார் தெருவில் திரும்பும்போதே எல்லா வீடுகளுக்கும் போய்ச் சேர்ந்திருந்தது.

"வாங்க வாங்க" என்றாள் லீலாவதி, ஒன்றும் புரியாமல்.

"மேடம் சாப்பிட வந்திருக்காங்கம்மா" என்றாள் மஞ்சு. "சார் உங்ககிட்ட சொல்லலியா? அன்னிக்கு இவரு மேடைல 'சாப்பிட்டாச்சா'ன்னு கேட்டாராம். அது அவங்க வூட்டுல அம்மா பேசற பேச்சாம். ஊரவுட்டு வந்ததுலேருந்து அப்படி ஒரு ஆளும் கேக்கலையாம். இன்னும் சாப்பிடல, ஞாயித்துக்கெழம உங்க வூட்டுக்கு சாப்பிட வரட்டுமான்னாங்களாம். இவரு தலைய ஆட்டுனாராம்."

லீலாவதி கணவனைப் பார்த்த பார்வையை நான் எழுதப்போவதில்லை. வீட்டில் இருந்தது கருவாட்டுக் குழம்பு. விருந்தாளிக்குப் போடுகிற குழம்பா அது? ஆனால் லின் மேடம் வாசனை பிடித்துக்கொண்டே அடுப்படி வரைக்கும் போய்விட்டார். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, குழம்பை ஊற்றி ஊற்றிப் பிசைந்து, விரலை நக்கி, மூக்கில் தண்ணீர் ஒழுக ஒழுக மூன்று தடவை சோறு வாங்கினார்.

ஜன்னலில் முகங்கள் அடைத்து நின்றன. மாயவனால் பொறுக்க முடியவில்லை.

"எம்மா மஞ்சு, அந்த ரெண்டாவது யூனிட்டு எப்பன்னு ஒரு வார்த்த கேளும்மா."

"ரெண்டாவது யூனிட்டா? மொத யூனிட்டுலயே இன்னும் ஒரு பக்கம் கூரை போடலியே. யாரு சொன்னது?"

ஜன்னலில் இருந்த அத்தனை கண்களும் ஒரு பக்கமாகத் திரும்பின. ராசாங்கத்துக்கு இரண்டு வழிகள் இருந்தன. "மஞ்சு சின்னப் பொண்ணு, கம்பெனி ரகசியமெல்லாம் அதுக்குச் சொல்வாங்களா?" என்று ஒரு போடு போட்டிருக்கலாம். பாதி ஊர் நம்பியிருக்கும். வார்த்தை நாக்கு நுனி வரைக்கும் வந்தது. அப்போது கதவோரம் நின்ற சுவாதி அவர் கண்ணில் பட்டாள். அவள் அழவில்லை. கோபப்படவுமில்லை. தலையணையை மட்டும் நெஞ்சோடு கட்டிக்கொண்டு நின்றாள்.

ராசாங்கம் எழுந்தார். இடமும் பார்க்கவில்லை, வலமும் பார்க்கவில்லை.

"நான்தாம்மா சொன்னேன். மேடம் பேசுனது எனக்கு ஒரு எழவும் புரியல. இந்தப் புள்ள எம்பேச்ச நம்பி இருந்த வேலைய வுட்டுட்டு வந்து நிக்குது. இதுக்கு ஒரு வழி உண்டான்னு கேளும்மா."

மஞ்சு சொல்லச் சொல்ல லின் மேடத்தின் புருவம் ஏறிக்கொண்டே போனது. பிறகு சிரிக்க ஆரம்பித்தார். புரைக்கேறும் அளவுக்குச் சிரித்தார். லீலாவதி அவர் தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தாள். மூச்சு வந்ததும் சுவாதியைப் பார்த்து ஏதோ கேட்டார்.

"என்ன மிஷின் ஓட்டுவேன்னு கேக்கறாங்க" என்றாள் மஞ்சு.

"ஓவர்லாக் ஓட்டுவேங்க, பேட்லாக் ஓட்டுவேங்க. தோலு தைச்சதில்ல."

"நாளைக்கு கம்பெனி கேட்டுக்கு வா. எல்லாரையும் மாதிரி தைச்சுக் காட்டணும். தைச்சா எடுப்பாங்க, இல்லன்னா இல்ல. சிபாரிசு கிடையாதுன்னு சொல்றாங்க."

கை கழுவப் போன லின் மேடம் மாடிப்படியைப் பார்த்தார். ஏறினார். அறைகளைப் பார்த்தார். தொட்டியில் வெங்காயத்தைப் பார்த்துக் கொஞ்ச நேரம் யோசித்தார். ஒடிசாவிலிருந்து வேலைக்கு வருகிற பெண்களைத் தங்கவைக்க வீடு தேடிக்கொண்டிருக்கிறோம், இது கிடைக்குமா என்றார். ராசாங்கம் 'ஆபீசருங்களுக்காக' என்று ஆரம்பிப்பதற்குள் லீலாவதி, "நாளைக்கே வரச் சொல்லுங்க" என்று முடித்துவிட்டாள்.

பெண்கள் வந்தார்கள். தொட்டியில் துணி ஊறவைத்தார்கள். மாடியில் புது மொழியில் பாட்டும் சண்டையும் கேட்டன. லீலாவதி அவர்களிடமிருந்து கடுகை அரைத்துக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டாள். சுவாதி முதல் தடவை ஊசியை உடைத்தாள். இரண்டாம் தடவை தைத்துக் காட்டி உள்ளே போய்விட்டாள். மாயவன் மட்டும் கொஞ்ச நாள் ராசாங்கத்தோடு பேசவில்லை. ராசாங்கமும் டீக்கடைப் பக்கம் தலைகாட்டவில்லை. வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டினார், வீட்டுக்கு வந்தார், சாப்பிட்டார், படுத்தார். திருந்திவிட்டார் என்று ஊர் பேசிக்கொண்டது. லீலாவதிக்கே லேசாகக் கவலை வந்துவிட்டது. மனுஷன் உடம்புக்கு ஏதாவதா?

கவலைக்கு அவசியம் இருக்கவில்லை. ஒருநாள் காலையில் டீக்கடை பெஞ்சில் ராசாங்கத்தின் குரல் கேட்டது.

"ஒடிசாவப் பத்தி உனக்கு என்னடா தெரியும், தர்மராஜ்? அங்க மழை எப்ப பெய்யும், எந்தப் பண்டிகைக்கு எத்தன பொண்ணுங்க ஊருக்குப் போவும், போனா இங்க எந்த லைன் நிக்கும், எல்லாம் நம்ம மாடியிலதான் முடிவாவுது. ஆமா, மாயவன் மவ சுவாதிய யாரு சேத்து வுட்டதுன்னு நெனைக்கிற?"

பக்கத்திலிருந்த மாயவன் டீயை உறிஞ்சிக்கொண்டே, "நீங்கதாண்ணே" என்றார். அவர் எதற்காக அப்படிச் சொன்னார் என்று அவருக்கே தெரியாது. மறுநிமிஷம் பெஞ்சில் எல்லாரும் ராசாங்கத்தை நோக்கி நகர்ந்து உட்கார்ந்தார்கள். அவர் இல்லாத நாட்களில் டீக்கடை, டீ மட்டும் விற்கிற இடமாக இருந்ததாம்.

நிற்க. இதைப் படித்துவரும்போது எங்கேயோ ஓரிடத்தில் நிறுத்தி, 'இது எந்தக் கம்பெனின்னு எனக்குத் தெரியும், உள்ள நடந்ததே வேற' என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னீர்களா? சொல்லவில்லையா? சொல்ல நினைத்தீர்கள், பக்கத்தில் ஆள் இல்லை, அவ்வளவுதானே? உங்கள் ஊரிலும் இப்படி ஒருவர் இருந்தால் நன்றாக இருக்குமே, இதுவரை அந்த இடம் காலியாகவே கிடக்கிறதே என்று உங்களுக்குத் தோன்றினால், ஒரு நடை போய் ஊரில் நாலு பேரை விசாரித்துப் பாருங்கள். அந்த இடம் எப்போதோ நிரம்பிவிட்டது என்பார்கள். யார் என்று கேட்டால் மட்டும், மரியாதைக்காக, உங்கள் முகத்துக்கு நேரே சொல்ல மாட்டார்கள்.