ஓனர் பார்த்த புகை

இன்னும் ஒரு மணி நேரத்தில் ஏஜென்ட் வீட்டைச் சோதிக்க வருகிறான். வீடு முழுக்க ஈர நாய் நாற்றம். வாடகை ஒப்பந்தத்தில் நாய்க்கு இடமில்லை. மாட்டினால் டானிகா காரில்தான் படுக்க வேண்டும். ஆஸ்திரேலியாவின் பல்லராட் குளிரில், அதுவும் நாயோடு.

ரேஸில் ஓடி ஓய்வு பெற்ற தன் நாய் டஸ்டியைப் பக்கத்து வீட்டு நொலீனிடம் இழுத்துப் போனாள்.

"கொஞ்ச நேரம் வெச்சுக்கோங்க நொலீன். ஓனர் யாருன்னே தெரியாது. எல்லாம் ஏஜென்ட் வழிதான். கூரை ஒழுகுதுன்னு சொல்லிச் சொல்லி வாய் வலிக்குது. கஞ்சப்பிசினாறி."

நொலீன் டஸ்டியின் காதைச் சொறிந்தாள். வேலிக்கு மேலே அவனுக்கு எலும்பு போடுபவள் அவள்தான்.

"நாத்தத்துக்கு இதைக் கொளுத்து கண்ணு. சோயா மெழுகு, யூகலிப்டஸ் வாசனை, நானே ஊத்தினது. முதல்ல திரியைக் கத்தரி. சுவரை ஒட்டி வைக்காத. காத்துலயும்..."

"மெழுகுவத்தி கொளுத்த ஒரு படிப்பா? படிச்ச படிப்புக்கே வேலையைக் காணோம்."

வீட்டுக்கு வந்து மெழுகுவத்தி ஜாடியைச் சுவரோரம் வைத்துக் கொளுத்தினாள். நீளத் திரி நாக்கை நீட்டியது. வெள்ளைச் சுவரில் கரியால் ஒரு மீசை.

புகை போக ஜன்னலைத் திறந்தாள். காற்றில் மீசை தாடியானது. ஜாடியைத் தூக்கி நகர்த்தினாள். உருகிய மெழுகு கார்ப்பெட்டில் கொட்டியது. கூரையிலிருந்த புகை அலாரம் அலறத் தொடங்கியது.

வேலிக்கு அப்பாலிருந்து குரல் வந்தது. "திரியைக் கத்தரிச்சியா?"

"இதோ, கத்திரிக்கோல் எடுக்கிறேன்."

"எரியறப்போ வேணாம்டி. மூடியைப் போட்டு அணை."

அணைந்தது. ஈரத்துணியால் கரியைத் துடைத்தாள். தாடி மாடு அளவுக்குப் பரவியது. கார்ப்பெட்டில் செய்தித்தாளை விரித்து இஸ்திரி போட்டாள். மெழுகு பாதி வந்தது. பதிலுக்குத் தாளிலிருந்த பன்றித்தொடை விளம்பரம் கார்ப்பெட்டில் இறங்கியது, இடம்வலம் மாறி.

கதவைத் தட்டினான் கிரெய்க். போன வாரம்தான் வேலைக்குச் சேர்ந்த ஏஜென்ட். மூக்கைச் சுளித்தான்.

"என்னங்க வாசனை?"

"யூகலிப்டஸ்."

"காட்டோட கொளுத்தினீங்களா?"

அவள் வாயைத் திறப்பதற்குள் டஸ்டி பாய்ந்து வந்தான். கயிற்றின் மறுமுனையில் மூச்சு வாங்க நொலீன்.

"அலாரம் கேட்டதுலேருந்து நிக்க மாட்டேங்கறான்டி."

"நாய் வேறயா?" கிரெய்க் சுவரைப் படமெடுத்தான், கார்ப்பெட்டை எடுத்தான், நாயை எடுத்தான். நாய் மட்டும் ஒத்துழைத்தது. "ஓனருக்கு இப்பவே அனுப்பறேன். அடுத்தது காலி பண்ற நோட்டீஸ்தான்."

"அனுப்பு. மனசுன்னு ஒண்ணு இருந்தா கூரையைச் சரி பண்ணியிருக்கும்" என்றாள் டானிகா.

கிரெய்க் பொத்தானை அழுத்தினான்.

நொலீனின் ஏப்ரன் பைக்குள் மூன்று முறை மணி அடித்தது.

நொலீன் நிதானமாகக் கண்ணாடியை மாட்டி, போனை எடுத்து, மூன்று படங்களையும் பார்த்தாள்.

"நாய் இருந்துட்டுப் போகட்டும் கிரெய்க். அவனுக்குத் தினம் எலும்பு போடறதே இந்தக் கஞ்சப்பிசினாறிதான்."