நான் போட்ட மூணு மார்க்

எனக்கு இங்கிலீஷ் தெரியும் என்று நான் எந்தக் காலத்திலும் யாரிடமும் சொன்னதில்லை. ஆனால் தெரியாது என்றும் சொன்னதில்லை. என் மானம் போனது அந்த இரண்டாவது காரியத்தால்தான்.

நான் துறைமுகத்தில் டேலி கிளார்க். கப்பலிலிருந்து இறங்கும் ஒவ்வொரு கன்டெய்னரின் நம்பரையும் பார்த்து எழுதி, வாக்கி டாக்கியில் கத்த வேண்டும். நாலு எழுத்து, ஏழு எண். "எம் ஃபார் மெட்ராஸ், பி ஃபார் பாம்பே!" என்று நான் வீட்டு வாசலில் நின்று போனிலும் இப்படியே கத்துவதைக் கேட்டுக் கேட்டு, திருவொற்றியூரில் எங்கள் தெருவே என்னை இங்கிலீஷ்காரனாக்கிவிட்டது. உண்மை என்னவென்றால், ஆங்கில எழுத்துகள் தனித்தனியாக வந்தால் எனக்கு நல்ல பழக்கம். கூட்டமாகச் சேர்ந்து வந்தால் யாரென்று தெரியாது. பத்தாம் வகுப்பில் இங்கிலீஷில் முப்பத்தாறு வாங்கித் தேறியவன். அந்த ஒரு மார்க்கு அதிகமாகக் கிடைத்தது முருகன் அருள் என்று இன்றைக்கும் நம்புகிறேன்.

தெருக்கோடியில் எங்கள் பஜனை சபை இருக்கிறது. வெள்ளிக்கிழமை தவறாமல் போய்விடுவேன். ஜால்ரா போடுவேன் (வாத்தியத்தைச் சொல்கிறேன்). சபைக்குப் பின்பக்கம் சபையே நடத்தும் சின்ன ஆரம்பப் பள்ளி. ஆறு வருஷத்துக்கு முன்னால் அதில் ஒரு டீச்சர் வேலை காலியானது. சபைச் செயலாளர் சண்முகம் அண்ணன், "இந்தத் தடவை இங்கிலீஷ் சொல்லிக் குடுக்கத் தெரிஞ்ச ஆளா எடுக்கணும்பா. டெஸ்ட்டு வெச்சுத்தான் எடுக்கணும்" என்று முடிவு செய்தார். டெஸ்ட் வைக்க மணலியிலிருந்து ஜெபமணி டீச்சர் வருவதாக ஏற்பாடு. முப்பது வருஷம் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர்.

சனிக்கிழமை காலை நான் நாற்காலி எடுத்துப் போடத்தான் போனேன். சத்தியமாக அதற்குத்தான் போனேன்.

மூன்று பேர் வந்திருந்தார்கள். இஸ்திரி மடிப்புக் கலையாத பேன்ட்டில் பிரபாகர் என்று ஒரு வாலிபர். விமலா என்று ஒரு அம்மா, கையில் டிபன் டப்பாவோடு. மூன்றாவது ரேவதி, காசிமேட்டுப் பெண். அவளைக் கேட் வரைக்கும் கொண்டுவந்து விட்டது அவள் அம்மா தேசம்மா. மீன் விற்கிறவர். அவர் ரகசியமாகப் பேசினாலே நாலு வீட்டுக்குக் கேட்கும்.

"இதோ பாரு, நாலு ஸ்கூல்ல பாத்தாச்சு. இதான் கடைசி. இதுவும் ஆவலைன்னா திங்கக்கெயமை எறா கம்பெனிக்குத் தோல் உரிக்கப் போவணும். அப்பால அயுவக் கூடாது, சொல்ட்டேன்."

"சரிம்மா, மெதுவா பேசு."

"நான் இன்னா கத்திகினா கீறேன்?" என்று தேசம்மா கத்தினார்.

பத்து மணிக்கு ஜெபமணி டீச்சரிடமிருந்து போன் வந்தது. சண்முகம் அண்ணன் கேட்டுவிட்டு, போனை அப்படியே என் கையில் கொடுத்துவிட்டார்.

"தம்பி, மணலி ரோட்டுல மாட்டிக்கிட்டேன். முன்னாடி டேங்கர் லாரி, பின்னாடி டேங்கர் லாரி. நான் பத்து வார்த்தை சொல்றேன், எழுதிக்கோங்க. டிக்டேஷன் குடுத்து பேப்பரை வாங்கி வைங்க. நான் வந்து திருத்திக்கிறேன்."

"சரிங்க டீச்சர்."

"ஸ்பெல்லிங் சொல்லட்டுமா?"

சண்முகம் அண்ணன் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்த மூன்று பேரும்தான்.

"வேணாம் டீச்சர். தெரியும்."

அந்த ஒரு வார்த்தையை எச்சிலோடு சேர்த்து விழுங்கியிருந்தால் இந்தக் கட்டுரை இல்லை.

லாரி ஹாரனுக்கு நடுவே டீச்சர் சொல்லச் சொல்ல, நான் ஒரு சீட்டில் எழுதினேன். வெனஸ்டே. சுலபம், ஆபீஸ் காலண்டர் என் எதிரில்தான் தொங்குகிறது. வெயிட். அது கன்டெய்னர் கதவிலேயே எழுதியிருக்கும். ரிசீட். தினமும் கையெழுத்துப் போடுவது. இந்த மூன்றோடு எனக்குத் தெரிந்த ஆட்கள் தீர்ந்துவிட்டார்கள். மீதி ஏழையும் காதில் விழுந்தபடி எழுதினேன். ஐலண்ட் என்றால் ஐ, அப்புறம் எல். நாலெட்ஜ் என்றால் என்னில் ஆரம்பித்தேன். டங் என்றால் டி யு என் ஜி. ஹாஃப் என்றால் ஹெச் ஏ எஃப். நெய்பர், சிசர்ஸ், பியூட்டிஃபுல், எல்லாம் இதே லட்சணம். அதாவது, அன்று காலை டிக்டேஷனை முதலில் எழுதியவனே நான்தான். அது எனக்கு உறைக்கவில்லை.

சுவரிலிருந்த முருகன் படத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டேன். "படிக்காதவனைப் பரீட்சை வைக்கிற இடத்துல உட்கார வெச்சியே அப்பா, உன் கருணையே கருணை" என்று மனசு உருகியது. கண்கூடத் துளிர்த்தது. (அது கருணை இல்லை, சோதனை என்று தெரிய இன்னும் ஒரு மணி நேரம் இருந்தது.)

டிக்டேஷன் கொடுத்தேன். வாக்கி டாக்கிக் குரலில்தான் கொடுத்தேன், எனக்கு வேறு குரல் கிடையாது. "ஹாஃபு! ஹாஃபு!" என்றதும் விமலா அம்மா, "சார், எந்த ஹாஃபு?" என்றார்.

"ஹாஃப் பாயில் போடுவாங்களேம்மா, அந்த ஹாஃபு."

எழுதி முடித்துத் தாள்களைக் கொடுத்தார்கள். டீச்சர் திருத்திக்கொள்கிறேன் என்று சொன்னார் அல்லவா? நான் சும்மா இருந்திருக்கலாம். மேஜை மேல் ஒரு சிவப்புப் பேனா இருந்தது. பள்ளிக்கூடம் படித்த காலத்தில் என் மேல் எத்தனையோ பேர் அந்த மையைக் கொட்டியிருக்கிறார்கள். ஒரு தடவையாவது நானும் கொட்டிப் பார்க்கிறேனே என்று கை அரித்தது. "டீச்சருக்கு வேலை மிச்சம்ணே" என்று சண்முகம் அண்ணனிடம் சொல்லிவிட்டு, என் சீட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு திருத்தினேன்.

பிரபாகருக்கு எட்டு. விமலா அம்மாவுக்கு ஐந்து. ரேவதிக்கு மூன்று. அந்த மூன்றைச் சுற்றிப் பெரிதாக ஒரு வட்டம் வேறு போட்டேன்.

"அஞ்சும் அதுக்கு மேலயும் வாங்குனவங்க இருங்க. டீச்சர் வந்து பேசிப் பார்ப்பாங்க. மத்தவங்க போய்ட்டு வாங்கம்மா" என்றார் சண்முகம் அண்ணன். மத்தவங்க என்றால் ரேவதி ஒருத்திதான்.

அவள் தாளை எடுத்துக்கொண்டு என் மேஜைக்கு வந்தாள்.

"சார், ஐலண்ட்ல எஸ் வரும் சார்."

"எஸ்ஸா? நான் சொல்லும்போது எஸ் கேட்டுச்சாம்மா?"

"கேக்காது சார். ஆனா இருக்கும்."

"சரி, நாலெட்ஜுக்கு முன்னால இது எதுக்கு ஒரு கே?"

"அதுவும் அப்படித்தான் சார். கேக்காது, ஆனா இருக்கும். ஹாஃப்ல எல்லும் அப்படித்தான்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "எதுவும் கேக்காது, ஆனா எல்லாம் இருக்கும். இன்னாம்மா, சாமியா அது?"

பிரபாகர் உரக்கச் சிரித்தார். எட்டு மார்க்கு வாங்கியவர், சிரிக்க மாட்டாரா?

அந்தப் பெண் விடவில்லை. "சார், ரிசீட்ல மட்டும் பி கேக்குதா? அதுக்கு நீங்களே ரைட்டு போட்டிருக்கீங்களே."

நான் ரிசீட், ரிசீட் என்று வாய்க்குள் இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். பி எங்கேயும் அகப்படவில்லை.

"அது ஆபீஸ் இங்கிலீஷ்மா" என்றேன். "அது வேற."

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். கோபம்கூட இல்லை அதில். "சரி சார்" என்று தாளை மேஜையில் வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

கால் மணி கழித்து ஜெபமணி டீச்சர் ஆட்டோவில் வந்து இறங்கினார். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டே முதலில் எடுத்த தாள் ரேவதியுடையது.

"இந்தப் பொண்ணு எங்க?"

"போயிடுச்சுங்க டீச்சர். மூணு மார்க்குதான்" என்றேன், வருத்தமாக.

"மூணா? பத்தும் ரைட்டா எழுதியிருக்காளே! யார் திருத்துனது இதை?"

சண்முகம் அண்ணன் என்னைப் பார்க்காமல் முருகன் படத்தைப் பார்த்தார். டீச்சர் என் சீட்டைக் கேட்டு வாங்கினார். என் கையிலிருந்த சிவப்புப் பேனாவையும் வாங்கினார். நின்றபடியே திருத்தினார். ஒன்று, இரண்டு, மூன்று ரைட்டு. ஏழு தப்பு. கீழே ஒரு மூன்று போட்டு வட்டம் போட்டார்.

"தம்பி, இது உங்க மார்க்கு. அந்தப் பொண்ணுக்குத் தூக்கிக் குடுத்துட்டீங்க."

பிரபாகர் தாளையும் பார்த்தார். அவருக்கும் மூன்றுதான் தேறியது. என் தப்பும் அவர் தப்பும் ஐந்து இடத்தில் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிருந்ததால் நான் எட்டு போட்டிருந்தேன்.

கண்ணில் காணாத ஒருவனைத் தினம் இரண்டு வேளை கும்பிடுகிறவன், காதில் கேட்காத ஒரு எஸ்ஸை இல்லை என்று சாதித்துவிட்டேன். அதற்கு அவனையே இழுத்துக் கேலி வேறு. திங்கட்கிழமை அந்தப் பெண் இறால் உரிக்க உட்கார்ந்தால், அந்தப் பாவத்தை எந்த விபூதி தீர்க்கும்?

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஓடினேன். நாற்பத்தெட்டு வயதில், அதுவும் இந்தத் தொப்பையோடு ஓடுவதை ஓட்டம் என்று சொல்ல முடியாது. பின்னாலிருந்து தள்ளிவிட்ட தண்ணீர்க்குடம் மாதிரி உருண்டேன். தேரடி பஸ் ஸ்டாப்பில் அம்மாவும் மகளும் நின்றிருந்தார்கள். ரேவதி அழவில்லை. அழுதது தேசம்மா.

"அம்மா... கொஞ்சம் நில்லுங்க..." எனக்கு மூச்சு வாங்கியது.

தேசம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு மகளைப் பார்த்தார். "யாருடி இவரு?"

"மார்க்கு போட்டவரும்மா."

"ஓ! மூணு மார்க்கு வாத்தியாரா? வாய்யா வா! ராவெல்லாம் லைட்ட போட்டுகினு படிச்சிதுய்யா அது! எம் பொண்ணுக்கு இங்கிலீசு தெரியாதுன்றியா?"

"உங்க பொண்ணுக்குத் தெரியும்மா. எனக்குத்தான் தெரியாது."

"இன்னாது?"

"எனக்குத்தான் இங்கிலீஷ் தெரியாது."

தேசம்மா ஒரு நிமிஷம் வாயடைத்து நின்றார். அந்தப் பேட்டையில் அது எவ்வளவு பெரிய சம்பவம் என்று எனக்கு அப்போது தெரியாது. பிறகு கேட்டார்: "அப்ப உன்ன எவன்யா அங்க குந்த வெச்சான்?"

"நானேதாம்மா குந்திக்கினேன்."

"இன்னொரு தபா சொல்லு. எம் பொண்ணு தலை குனிஞ்சிகினு வந்ததைப் பாத்த அத்தினி பேருக்கும் கேக்கணும். சத்தமா சொல்லு."

"அம்மா, வேணாம்மா, வுடு" என்றாள் ரேவதி.

ஆனால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. கந்தா என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டு, எனக்குத் தெரிந்த ஒரே குரலில், கிரேன் டிரைவருக்குக் கேட்கிற வாக்கி டாக்கிக் குரலில், "எனக்கு இங்கிலீஷ் தெரியாது!" என்று கத்தினேன்.

பஸ் ஸ்டாப்பே திரும்பியது. ஒரு ஷேர் ஆட்டோ டிரைவர் வண்டியை ஓரங்கட்டித் தலையை வெளியே நீட்டினார். "மாமு, எனக்குந்தான் தெரியாது. நான் இன்னா கத்திகினா கீறேன்?"

முதலில் சிரித்தது ரேவதி. அப்புறம் தேசம்மா. அழுத கண்ணோடு அந்த அம்மா சிரித்ததைப் பார்த்த பிறகுதான் என் மூச்சு சீரானது.

அதே ஷேர் ஆட்டோவில் மூன்று பேரும் பள்ளிக்குத் திரும்பினோம். ஜெபமணி டீச்சர் ரேவதியிடம் அரை மணி நேரம் இங்கிலீஷில் பேசினார். அந்தப் பெண் பதில் சொல்லச் சொல்ல, டீச்சர் தலையை ஆட்டிக்கொண்டே இருந்தார். நானும் ஆட்டினேன், ஒன்றும் புரியாமல். தேசம்மாவும் ஜன்னலுக்கு வெளியே நின்று ஆட்டினார். திங்கட்கிழமையிலிருந்து வேலைக்கு வரச் சொல்லிவிட்டார்கள். விமலா அம்மாவுக்கும் அடுத்த வருஷமே இடம் கிடைத்தது. பிரபாகர் மட்டும் போகும்போது என் அருகில் வந்து, மிகவும் மரியாதையாக, "சார், நீங்களும் நானும் ஒரே ஸ்கூல்ல படிச்சோமா?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

இதையெல்லாம் வீட்டில் சொல்லாமல் மறைத்துவிடலாம் என்றிருந்தேன். ஆனால் நான் பள்ளியிலிருந்து வீடு வந்து சேருவதற்குள் செய்தி வந்து சேர்ந்து, காபி குடித்துவிட்டு, என் மனைவி கஸ்தூரியோடு சிரித்துக்கொண்டிருந்தது. கத்துகிறவனுக்கு ரகசியம் ஏது?

இப்போது ரேவதி டீச்சர் எங்கள் பள்ளியில் ஆறாவது வருஷம். என் பேத்தி அவரிடம்தான் படிக்கிறாள். "தாத்தா, இதுல கே கேக்காது, ஆனா இருக்கும்" என்று எனக்குப் பாடம் எடுக்கிறாள். நான் கன்னத்தில் போட்டுக்கொள்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமைகளில் காசிமேட்டுக்கு மீன் வாங்கப் போனால் தேசம்மாவிடம்தான் வாங்குவேன். வேறு எங்கே வாங்கினாலும் அவருக்குத் தெரிந்துவிடும். சுற்றி உட்கார்ந்திருக்கும் பெண்களிடம், "இவுருதான் எங்க டீச்சருக்கு மார்க்கு போட்டவரு, பாத்துக்கங்கடி" என்று அறிமுகம் செய்துவிட்டு, எடை போட்டு முடித்த மீனின் மேல் மூன்று சங்கரா மீனை எடுத்துத் தனியாகப் போடுவார். "இந்தா, நீ குடுத்தது. எடுத்துகினு போ." கஸ்தூரி அந்த மூன்றையும் கலக்காமல் தனியாக வறுத்து, "உங்க மார்க்கு வந்திருக்கு" என்று என் தட்டில் வைப்பாள். பேத்தி உட்பட மொத்த வீடும் எண்ணிப் பார்க்கும்.

போன வாரம் கொஞ்சம் தைரியம் வந்து, "தேசம்மா, ஆறு வருஷம் ஆயிடுச்சு, நாலாத்தான் போடேன்" என்று கேட்டுப் பார்த்தேன்.

அவர் கையில் எடுத்த நாலாவது மீனை மறுபடி கூடையிலேயே போட்டுவிட்டார்.

"எம் பொண்ணைக் கேட்டுகினு சொல்றேன்."