சிவப்புப் பெட்டியில் நான்கு பூட்டு

பாதுகாப்பு அதிகாரியாக வேலை பார்க்கும் பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளக் கூடாது. இது என் கணவர் முரளி கண்டுபிடித்த உண்மை. அந்தப் பெண் நான்தான் என்பதால் பல வருஷம் இதை மறுத்துவந்தேன். இலங்கைக்குப் போன (சரியாகச் சொன்னால், முதல் நாள் போகாத) கதைக்குப் பிறகு மறுப்பதை விட்டுவிட்டேன்.

கும்மிடிப்பூண்டியில் ஓர் இரும்பு ஆலையில் எனக்கு வேலை. மணவாள நகரிலிருந்து தினமும் கம்பெனி பஸ்ஸில் போய்வருகிறேன். ஹெல்மெட் இல்லாமல் ஒருத்தர் தும்மினால்கூட நோட்டீஸ் கொடுக்கிற ஜென்மம். வீட்டையும் விட்டுவைக்கவில்லை. தீப்பிடித்தால் எல்லோரும் வந்து நிற்க வேண்டிய இடம் வாசல் முருங்கை மரத்தடி என்று போர்டு எழுதி மாட்டியிருக்கிறேன். (அந்த மரத்தில் இருப்பது கம்பளிப்பூச்சி மட்டும்தான். தீயே தேவலை என்பார் முரளி.)

மகள் நிவேதா பிளஸ் டூ முடித்தாள். கோயம்புத்தூரில் காலேஜ், ஹாஸ்டல். அவள் கிளம்புவதற்குள் நாங்கள் நாலு பேரும் ஒரு தடவையாவது சேர்ந்து ஊர் சுற்றிவிட வேண்டும் என்று எனக்கு ஒரு வெறி. நாலாவது ஆள் என் தம்பி லோகு. பள்ளிப்பட்டில் கரும்பு போடுகிறான், கல்யாணம் வேண்டாம் என்று இருக்கிறான், நிவேதா என்றால் உயிரை விடுவான். ஒன்பது வருஷமாக நாங்கள் போட்ட எல்லாப் பயணமும் கடைசி நேரத்தில் யாராவது கழன்றுகொண்டதால் படுத்துவிட்டது. ஒரு தடவை எனக்கு ஆலையில் ஷட்டவுன். ஒரு தடவை முரளியின் பேட்டரிக் கடையில் ஸ்டாக் வந்து இறங்கியது. மிச்சத் தடவையெல்லாம் லோகுதான்.

இலங்கை நிவேதாவின் யோசனை. கொழும்பில் இறங்கி வேன் எடுத்தால் காலி, மாத்தறை என்கிற ஊர்கள் வரை கடலை ஒட்டியே ரோடு போகிறதாம். போனில் வீடியோ காட்டினாள். ஒரு பக்கம் தென்னை, ஒரு பக்கம் அலை.

"ஜன்னல்லருந்து கைய நீட்னா கடல்மா" என்றாள்.

"கைய வெளிய நீட்டக் கூடாது" என்றேன். என் பயணத் திட்டம் அந்த வாக்கியத்தில்தான் ஆரம்பித்தது.

ஆலையில் செய்வதைப் போலவே ஆபத்துப் பட்டியல் போட்டேன். அலை, ஜெல்லி மீன், வேன் டிரைவரின் தூக்கம், தலையில் தேங்காய் விழுதல். கடைசி அயிட்டத்துக்கு, தென்னைக்குக் கீழே ஹெல்மெட் என்று எழுதினேன். அரை மணிக்கு ஒரு கட்டமாக ஐந்து நாளுக்கும் சார்ட் வரைந்து ஃப்ரிட்ஜில் ஒட்டினேன். மூன்றாம் நாள் மாலை ஐந்தரை முதல் ஆறு வரை, 'சூரிய அஸ்தமனம், ரசித்தல்.'

"அஞ்சரைக்கு அது மறையலன்னா?" என்று கேட்டார் முரளி.

இதெல்லாம் போகட்டும். பூட்டுக்கு வருகிறேன். ஆலையில் மெஷினுக்குள் பழுது பார்க்க இறங்கும் ஒவ்வொருவரும் மெயின் சுவிட்சில் தன் பூட்டைப் போட்டுவிட்டு, சாவியைத் தன் பாக்கெட்டிலேயே வைத்துக்கொள்வார். ஒரு பூட்டுக்கு ஒரே சாவி. கடைசி ஆள் வெளியே வந்து தன் கையால் திறக்கும்வரை முதலாளியே வந்தாலும் மெஷின் ஓடாது. ஒரு தடவை அவசரக்காரர் ஒருவர் ஆள் இல்லாத பூட்டு என்று ஒன்றை அறுக்கப் போனார். நான் விடவில்லை. ரோலருக்கு அடியில் ஒரு பையன் படுத்திருந்தான். அன்றிலிருந்து அந்த விதி எனக்கு வேதம்.

அதே வேதத்தை வீட்டில் ஓதினால் என்ன என்று தோன்றியது. சிவப்பாக ஓர் இரும்புப் பெட்டி வாங்கினேன். லோகுவை வரவழைத்து, நாலு பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்து, கொண்டியில் நாலு பேரும் பெயர் எழுதிய சிவப்புப் பூட்டு ஆளுக்கொன்று போட்டோம். நாலு பேரும் வந்து திறந்தால்தான் பயணம். எவரும் கழன்றுகொள்ள முடியாது.

"எனுக்கோசரம்தான இந்த ஏற்பாடு?" என்றான் லோகு.

"வேற யாருக்குடா?"

மூன்று வாரம் கழித்துப் பயணத்து நாள் வந்தது. மத்தியானம் விமானம். காலை ஏழரைக்கு லோகு புதுச் சட்டை, கூலிங் கிளாஸோடு வந்து இறங்கினான். வராமல் போய்விடுவானோ என்று ராத்திரியெல்லாம் தூங்காத எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. டாக்ஸி வாசலில் நின்றது. பெட்டியைத் தூக்கிவந்து கூடத்தில் வைத்து, "சாவி" என்றேன்.

மூன்று சாவி நீண்டது. லோகு சட்டைப் பையைத் தடவினான். பேன்ட் பையைத் தடவினான். பிறகு கூலிங் கிளாஸைக் கழற்றினான்.

"அக்கா, மோட்டார் ரூம் சாவிக்கொத்துல கோத்து வெச்சிருந்தேன். தொலையாதேன்னு. அந்தக் கொத்த பக்கத்து நெலத்துக்காரருகிட்ட குடுத்துட்டு வந்துட்டேன். கரும்புக்கு தண்ணி வுடணுமில்ல?"

பள்ளிப்பட்டுக்குப் போன் போட்டோம். அந்த மனுஷர் நிதானமாகப் பேசினார். "சின்ன செவப்பு சாவிதானே? எங்கிட்டதான் கீது. பத்திரமா கீது. நீங்க கவலப்படாம போய்ட்டு வாங்க."

போக இரண்டு மணி நேரம், வர இரண்டு மணி நேரம். முரளி கடையிலிருந்து சுத்தியல் எடுத்துவந்தார். நான் பெட்டியின் முன்னால் கை விரித்து நின்றேன்.

"அடுத்தவங்க பூட்ட ஒடைக்கக் கூடாது. அதுக்கு ஒரு முற கீது."

அந்த முறைக்கு ஒரு படிவம் உண்டு. நிவேதாவின் பழைய நோட்டைக் கிழித்து, நினைவிலிருந்து எழுதினேன். பூட்டின் சொந்தக்காரர் பெயர். சாவி இல்லாத காரணம். இரண்டு சாட்சி. வாசலில் டாக்ஸிக்காரர் ஹார்ன் அடித்தார். நான் கடைசிக் கேள்விக்கு வந்துவிட்டிருந்தேன். என் எதிரே கூலிங் கிளாஸைக் கையில் பிடித்தபடி நிற்கிற தம்பியைப் பார்த்து, முகம் மாறாமல் கேட்டேன்.

"பூட்டின் சொந்தக்காரர் உள்ளே இல்லை என்பது உறுதி செய்யப்பட்டதா?"

நிவேதா குனிந்து பெட்டியை மெல்லத் தட்டினாள். "மாமா, உள்ள கீறியா?"

"இல்லமா, நா இங்கதான் நிக்கிறேன்" என்றான் லோகு பயபக்தியாக.

"இப்டி ஒரு பேஜாரு எவன் ஊட்லயாவது நடக்குமா?" என்றார் முரளி. ஆனால் சாட்சிக் கையெழுத்துப் போட்டார்.

சுத்தியலுக்குப் பூட்டு மசியவில்லை. (நல்ல பூட்டு. தேடி வாங்கியது நான்தான்.) தெருமுனை வெல்டிங் கடை பாய் கிரைண்டரோடு வந்தார். நான் அவருக்குக் கண்ணாடி மாட்டிவிட்டேன், மணல் வாளி கொண்டுவந்து வைத்தேன், எல்லோரையும் ஆறடி தள்ளி நிற்கச் சொன்னேன். மற்ற மூன்று பூட்டையும் முதலில் திறந்துவிடலாமே என்று முரளி சொன்னது காதில் விழுந்தது. அது முறையில்லை, பொறுப்பாளரான என் பூட்டைக் கடைசியில்தான் திறக்க வேண்டும் என்று கிரைண்டர் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

பொறி பறந்தது. பூட்டு அறுந்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால், கோமதி என்று என் பெயர் எழுதியிருந்தது. சாவி என் கழுத்துக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"எல்லாம் ஒரே செவப்பா கீது மேடம்" என்றார் பாய்.

இரண்டாவது பூட்டையும் அறுத்து நாங்கள் கிளம்பியபோது மணி பத்தேகால். பூந்தமல்லியில் டிராஃபிக் எங்களுக்காகவே காத்திருந்தது. விமான நிலையத்தில் கவுண்டர் மூடி இருபது நிமிஷம் ஆகியிருந்தது. நான் அங்கேயே பெட்டி படுக்கை மேல் உட்கார்ந்து அழுதேன். ஒன்பது வருஷம் மற்றவர்கள் கெடுத்தார்கள், இந்தத் தடவை நானே என் கையால் கெடுத்துவிட்டேன்.

பக்கத்தில் வந்து உட்கார்ந்தான் லோகு. "அழாதக்கா. மொதோ தடவயா நாலு பேரும் ஏர்போர்ட் வரைக்கும் வந்துட்டோம். நாளைக்கு அந்தாண்ட போய்டலாம்."

சொன்னபடியே போனோம். ஐந்து நாள் நாலு நாளாகிவிட, என் சார்ட்டில் எந்தக் கட்டமும் எதனோடும் ஒத்துவரவில்லை. நிவேதா அதைச் சுருட்டி வேனிலேயே வடை மடிக்க வைத்துக்கொண்டாள். காலிக்கு முன்னால் பெயர் தெரியாத ஒரு வளைவில் டீ குடிக்க நிறுத்தினோம். ரோட்டோரக் கல்லில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து, கடல் தெறித்து நனைகிறவரை எழுந்திருக்கவில்லை. சூரியன் எத்தனை மணிக்கு மறைந்தது என்று எனக்குத் தெரியாது. நான் தென்னைக்குக் கீழேதான் இருந்தேன், வெறும் தலையோடு. அவ்வளவு சந்தோஷமாக இருந்தேன்.

இப்போதும் நாங்கள் எங்கே கிளம்பினாலும் யாராவது ஒருத்தர் டிக்கியைத் தட்டி, "லோகு உள்ள இல்லியே?" என்று கேட்காமல் வண்டி நகராது. வெல்டிங் பாயும் விடுவதில்லை. பஸ்ஸுக்கு ஓடும்போது கடையிலிருந்தே, "மேடம், உள்ள ஆளு இல்லியே?" என்பார்.

ஹாஸ்டலுக்குப் போகிற அன்று நிவேதா அந்தப் பெட்டியை எடுத்தாள். நாலு பாஸ்போர்ட்டையும் உள்ளே வைத்து, தன் பூட்டைப் போட்டு, சாவியைப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நா வராம நீங்க மூணு பேரும் எங்கயும் போய்க்கினு இருக்கக் கூடாது" என்றாள்.

"நாங்க வெல்டிங் பாய கூட்டாந்துட்டா?" என்றார் முரளி.

"அம்மா வுடாது" என்றாள்.

பெட்டி அலமாரியின் மேல்தட்டில் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமை தூசு தட்டும்போது பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்ப்பேன். கெட்டியாகத்தான் பூட்டியிருக்கிறாள்.