மாமா கட்டிய மாடியை நான் சாய்த்த கதை

நேராக நிற்பதை நேராகவே படம் பிடித்தால் அதில் என்ன கலை இருக்கிறது என்று இருபது வயதில் சிலருக்குத் தோன்றும். அந்தச் சிலர் கையில் காமிராவும் இருந்துவிட்டால், அவர்கள் குடும்பத்தை நெல்லையப்பர்தான் காப்பாற்ற வேண்டும். (எங்களை அவரே காப்பாற்றினார் என்று என் மாமியார் கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.)

ஜெர்மன் சண்டைக்கு முந்திய காலம். பாளையங்கோட்டையில் இரும்பு உத்தரம் போட்டு ஒரு மாடிப் பள்ளிக்கூடம் எழும்பியிருந்தது. கட்டிய கண்டிராக்டர் என் தாய்மாமா. அவர் மகள் கோமதியை எனக்கென்று பேசி முடித்திருந்தார்கள். திறப்பு விழாவுக்கு முன்னால் இஞ்சினியர் துரைக்குக் கட்டடத்தின் படம் ஒன்று போகவேண்டும்.

"ஏலே மாப்பிள, நீயே எடுத்து அனுப்பிரு. நான் தேக்கு பாக்கச் செங்கோட்டைக்குப் போயிட்டு வந்திருதேன்" என்றார் மாமா.

கட்டடத்துக்கு எதிரே சுண்ணாம்பு குழைத்த குழி காலியாகக் கிடந்தது. காமிராவை நிறுத்தும் முக்காலியோடு அதற்குள் இறங்கி, காமிராவின் மூக்கை வானத்தைப் பார்க்கத் தூக்கி வைத்தேன். படம் கழுவி வந்ததும் எனக்கே புல்லரித்தது. மேகத்துக்கு நடுவே மாடி அப்படியே மல்லாந்து விழப்போவதுபோல இருந்தது! மாமா வரும்வரை பொறுக்காமல் துரைக்கு அனுப்பினேன்.

பாராட்டு வரும் என்று காத்திருந்தேன். துரையே வந்துவிட்டார். கூடவே ஓவர்சியரும், சுவர் நேரா என்று பார்க்க நூலில் கட்டிய தூக்குக்குண்டும் வந்தன. அன்று காலையில்தான் மாமா ஊர் திரும்பியிருந்தார்.

"என்ன வே பிள்ளைவாள், கட்டடம் நிக்குதா, விழுதா?" என்று ஓவர்சியர் படத்தை நீட்டினார். "சுவர் சாய்ஞ்சிருந்தா மாடிய இடிக்கணும்னு தொரை சொல்லுதாக."

மாமா படத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை. பக்கத்தில் வந்து பைய, "ஏலே, குண்டு சுவத்த விட்டு வெலகிச்சுன்னா, நீயும் எங்க வாசல விட்டு வெலகிரு" என்றார்.

மாடி விளிம்பிலிருந்து, சுவருக்கு நாலு அங்குலம் தள்ளி, நூலைத் தொங்கவிட்டார்கள். ஆனி மாசக் காற்று சும்மா இருக்குமா? குண்டு ஊஞ்சலாட ஆரம்பித்தது. அது அந்தப் பக்கம் போனால் கோமதி எனக்கு, இந்தப் பக்கம் வந்தால் இல்லை என்று என் உயிரும் கூடவே ஆடியது. மாமா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தானே ஒரு வாளித் தண்ணீர் தூக்கிவந்து, குண்டை அதற்குள் முங்கவைத்தார். ஆட்டம் மெல்ல மெல்லக் குறைந்தது. ஓவர்சியர் குனிந்து அளந்தார். எழுந்தார். சந்தேகம் வந்து மறுபடியும் குனிந்தார். (பாவி மனுஷன்!)

"கீழயும் நாலுதான்."

மாமா அப்படியே செங்கல் குவியலில் உட்கார்ந்துவிட்டார். துரை என்னைக் கூப்பிட்டு, எங்கேயிருந்து எடுத்தாய் என்று கேட்டார். குழியைக் காட்டினேன். பூட்ஸ் காலோடு அதில் இறங்கி அண்ணாந்து பார்த்தவர், சிரித்துக்கொண்டே ஏதோ சொன்னார்.

ஓவர்சியர் அதைத் தமிழாக்கினார்: "கட்டடம் நேராத்தான் நிக்காம். இந்தப் பையனத்தான் நிமுத்தணுமாம்."

கல்யாணம் தை மாதம் நடந்தது. படம் எடுக்க வேறு ஆளை வைத்தார்கள். அவர் லென்ஸ் மூடியைக் கழற்றப் போகும் நேரத்தில் மாமா, "கொஞ்சம் பொறும் வே" என்று சொல்லி, பந்தல் மூங்கிலிலிருந்து எனக்கும் கோமதிக்கும் நடுவே அதே தூக்குக்குண்டைத் தொங்கவிட்டார்.

அந்தப் படம் இன்றும் எங்கள் கூடத்தில் இருக்கிறது. நடுவில் ஏன் நூல் தொங்குகிறது என்று வீட்டுக்கு வருகிறவர்கள் எல்லோரும் கேட்பார்கள். கோமதி பதில் சொல்வாள்: "நல்லாப் பாருங்க. நூலும் நேரா இருக்கு, நானும் நேரா நிக்கேன். குண்டு ஆடுதான்னு எட்டிப் பாத்துக்கிட்டு சாய்ஞ்சு நிக்காகளே, அவுகதான் எங்க அத்தான்."