பாட்டுக்கு டேக் கட்டிய அண்ணன்

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் எத்தனையோ ஆயிரம் பேர் வேலை பார்க்கிறார்கள். அதில் தனி ஒரு ஆளாக நின்று, ஒரு பஸ் நிறைய ஜனங்களை ஒரு பாட்டைக்கூட நிம்மதியாகக் கேட்க முடியாதபடி கெடுத்து வைத்தவர் டேக்கு அண்ணன்தான். அவர் ரிட்டையர் ஆகி இரண்டு வருஷம் ஆகிறது. இன்றைக்கும் டீக்கடையில் பாட்டு ஆரம்பித்தால் ராகம் காதில் விழுவதற்கு முன்னால் அதில் என்ன குறை என்று தேட ஆரம்பித்துவிடுகிறேன்.

அவருக்கென்று ஒரு பெயர் சம்பளச் சீட்டில் இருந்திருக்கும். எங்களுக்கு அவர் டேக்கு அண்ணன். எங்கள் கம்பெனியில் இரும்பை உருக்கி வால்வு வார்க்கிறோம். வார்த்து வரும் ஒவ்வொன்றையும் தட்டிப் பார்த்து, தடவிப் பார்த்து, அட்டை கட்டுகிற குவாலிட்டி இன்ஸ்பெக்டர் அவர். பச்சை டேக் கட்டினால் நல்ல மால். சிவப்பு கட்டினால் ஸ்கிராப் யார்டு. மஞ்சள் கட்டினால் ஹோல்ட். அதாவது சந்தேகம் இருக்கிறது, தள்ளி வை, சரி பண்ண முடியுமா பார்க்கலாம். மஞ்சளுக்கு ஒரு சட்டம் உண்டு. கட்டினவரே வந்து மறுபடி சோதித்துத் தன் கையால் கழற்றுகிற வரை, முதலாளியே சொன்னாலும் அந்தப் பெட்டியைத் திறக்கவும் கூடாது, நகர்த்தவும் கூடாது. நான் ஸ்டோர் கீப்பர். அந்தச் சட்டத்தைக் காப்பாற்றுவதுதான் என் பிழைப்பு.

கம்பெனி பஸ் காலையில் திருவள்ளூரில் கிளம்பி, பெரியபாளையம், ஆரணி, புதுவாயல் என்று ஆள் பொறுக்கிக்கொண்டு போகும். ஒன்றரை மணி நேரம். கிழமைக்கு ஒரு ஆள் என்று முறை வைத்து, முறைக்காரரின் போனை பஸ் ஸ்பீக்கரோடு இணைத்துவிடுவோம். டேக்கு அண்ணன் டிரைவருக்குப் பின் சீட்டில் கண்ணை மூடி உட்கார்ந்திருப்பார். பாட்டு முடிந்ததும் தீர்ப்பு வரும்.

“கேட்டுக்க நைனா. ஒலகத்துல பாட்டே மூணுதான். ஒண்ணு, ஃப்ரெண்டத் தேடறது. அது பச்ச. ரெண்டு, எங்கியாச்சும் ஓடிப்பூடலாம்ன்றது. அது மஞ்சள். மூணு, போதை. செவப்பு. மீதியெல்லாம் ஜிகினா.”

“அப்ப லவ்வுண்ணே?” என்று லேத் மெஷினில் வேலை செய்கிற பையன் கேட்டான். அவர் யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட மாட்டார். அவன் ‘லேத்து’, நான் ‘ஸ்டோரு’.

“லவ்வுன்றது டப்பா மேல ஒட்டற லேபிளு. உள்ள இன்னா மாலு கீதுன்னு தொறந்து பாக்க வாணாம்?”

லேத்துக்கு அப்போதுதான் நிச்சயமாகியிருந்தது. அன்றைக்கு அவன் முறை. ‘வெள்ளப்பூவே, ஒன்ன மோந்தாத்தான் எனக்குப் பொழுது விடியுது’ என்று ஒரு பாட்டு போட்டுவிட்டு வெட்கத்தோடு ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“எழுந்ததும் மோந்து பாக்கணுமாம். மோக்கலன்னா விடியாதாம். அதுவும் வெள்ளையா கீதாம். டேய் லேத்து, எந்தப் பொண்ணடா நீ பல்லு வெளக்கறதுக்கு முன்ன மோந்து பாக்கற?” என்றார். நிஜமாகவே சட்டைப் பையிலிருந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து அவன் போனில் கட்டிவிட்டார். அந்தப் பாட்டைத்தான் அவன் வருங்காலப் பெண்டாட்டிக்கு காலர் ட்யூனாக வைத்திருந்தான். அன்றே மாற்றிவிட்டான்.

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ஆனால் கொஞ்சம் லேட்டாக. ஏன் என்று இப்போதே சொல்லிவிடுகிறேன். பெட்டி தூக்கித் தூக்கி முதுகு பிடித்து, டாக்டர் பத்து நாளைக்கு எழுதிக் கொடுத்த ஒரு மாத்திரை. வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. பத்து நாள் பதினைந்து மாதம் ஆகியிருந்தது. சீட்டு இல்லாமல் எங்கே கிடைக்கும் என்பதெல்லாம் எனக்கு அத்துப்படி. டிபன் பையில் ஊறுகாய் டப்பாவுக்கு அடியில் அது எப்போதும் இருக்கும். என் வீட்டுக்காரிக்குத் தெரியாது, கம்பெனிக்குத் தெரியாது. தெரிந்தால் வேலையும் போகும், வீட்டில் முகத்தில் விழிக்கவும் முடியாது. இந்த லட்சணத்தில் பஸ்ஸில் போதையை மோப்பம் பிடிக்க ஒரு ஆள் உட்கார்ந்திருந்தால் எனக்கு எப்படி சிரிப்பு வரும்?

ஆடி மாதம் வந்தது. டிரைவர் பெரியபாளையத்துக்காரர், கண்ணாடியில் வேப்பிலை கட்டி, பவானி அம்மனுக்கு மஞ்சள் துணி உடுத்தி, முறையெல்லாம் ரத்து பண்ணிவிட்டு அம்மன் பாட்டாகவே போட்டார். அதில் ஒன்று, ‘நீ இல்லாங்காட்டி கை நடுங்குது தாயே, ஒன் வாசல்ல வந்தாத்தான் நிக்குது’ என்று வந்தது.

டேக்கு அண்ணன் கண்ணைத் திறந்தார். “கை நடுங்குதா?”

டிரைவர் ஆரணி ரோட்டில் பஸ்ஸை ஓரங்கட்டிவிட்டார். “அண்ணே, ஆத்தா பாட்டுக்கு இன்னா டேக்குன்னு நல்லா ரோசன பண்ணி சொல்லு. பேஜாரு ஆச்சுன்னா இங்கியே எறங்கிக்கினு நடக்க வேண்டியதுதான்.”

அண்ணன் மூன்று அட்டையையும் கையில் விரித்து ரொம்ப நேரம் பார்த்தார். “பச்ச. ஆத்தா நமக்கு ஃப்ரெண்டு” என்றார். பஸ் கிளம்பி நாலாவது கியர் விழுந்த பிறகு, “பாடறானே, அவனுக்கு மட்டும் மஞ்சள்” என்றார். அந்த நேரத்தில் என் கையும் நடுங்கிக்கொண்டுதான் இருந்தது. பையை மடியில் வைத்து அதற்குக் கீழே கையை வைத்துக்கொண்டேன்.

இதெல்லாம் கிறுக்கு, விட்டுத் தள்ளு என்று என்னை நானே சமாதானப்படுத்தியிருப்பேன். லேத்தின் கல்யாணம் அதையும் கெடுத்தது. ஆர்.கே.பேட்டையில் மண்டபம், முதல் நாள் ராத்திரி ரிசப்ஷன். மேடையில் கச்சேரிக்காரர்கள், ‘கையப் புடி, பஸ்ஸப் புடி, பேரு தெரியாத ஊருக்குப் போயிடலாம்’ என்று பாடினார்கள். அண்ணன் பந்தியில் பக்கத்து இலைக்காரரிடம், “பொண்ணுக்கு சம்மதந்தானே? ஓடிப்போற பாட்டா கேட்டு வாங்கிகீதே” என்றார். பக்கத்து இலைக்காரர் பெண்ணின் தாய்மாமன். சாம்பார் சாதத்தைப் பாதியில் விட்டுவிட்டுக் கையைக்கூடக் கழுவாமல் மேடைக்கு ஓடினார். பெண் அழுதாள். பாட்டுச் சீட்டு கொடுத்தது பெண் இல்லை, மாப்பிள்ளை என்று தெரிந்ததும் விசாரணை அவன் பக்கம் திரும்பி முகூர்த்தம் வரைக்கும் நடந்தது.

பத்து நாள் கழித்து லேத்து என்னிடம் தனியாகச் சொன்னான்: “யார்கிட்டயும் சொல்லாதண்ணே. அந்த வாரம் பூரா எங்கியாச்சும் ஓடிப்பூடலாம்னுதான் இருந்துச்சு. பயம். அந்தாளுக்கு எப்படிண்ணே தெரிஞ்சிது?”

மனுஷர் உளறவில்லை, சரியாகத்தான் சொல்கிறார்!

அதற்கப்புறம் என் முறை வந்த மூன்று வியாழக்கிழமையும் என் போனில் சார்ஜ் இல்லை. நாலாவது வியாழன் தப்பிக்க வழியில்லாமல், யோசித்து யோசித்து, மரம் நடுவோம் மழை பெறுவோம் என்று குழந்தைகள் பாடுகிற ஒரு பாட்டைப் போட்டேன். மாத்திரைக்கும் மரத்துக்கும் என்ன சம்பந்தம்?

அண்ணன் கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “இந்தப் பாட்ட ஒரு மனுசன் ஆசப்பட்டு கேக்க மாட்டான். இதப் போடறவன் எதையோ மறைக்கறான்.”

நான் பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் போன் துரோகம் பண்ணிவிட்டது. மரம் நட்டு முடித்ததும், நான் அதிகம் கேட்கும் பாட்டைத் தானாகவே எடுத்துப் போட்டது. ‘கதவ மூடு, காத்த நிறுத்து, கொஞ்ச நேரம் நான் இல்லாம இருக்கேன்.’ மாத்திரை போட்டதும் கேட்கத் தோதான அந்தப் பாட்டை நூறு தடவை கேட்டிருப்பேன். நிறுத்தலாம் என்றால் போன் டிரைவர் பக்கத்தில் இருக்கிறது. முழுப் பாட்டும் ஓடியது. “சோகப் பாட்டு, சூப்பரு” என்று பின்னால் யாரோ சொன்னார்கள்.

அண்ணன் ஒன்றும் சொல்லவில்லை. பச்சை இல்லை, மஞ்சள் இல்லை, சிவப்பு இல்லை. புதுவாயலிலிருந்து கம்பெனி கேட் வரைக்கும் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு வந்தார். அவர் தீர்ப்பு சொல்லாத ஒரே பாட்டு அதுதான்.

மதியம் ஸ்டோரில் அலமாரியிலிருந்து டிபன் பையை எடுத்தேன். இரண்டு காதையும் சேர்த்து, ஜிப்பைச் சுற்றிக் கம்பி போட்டு, ஒரு மஞ்சள் டேக் தொங்கியது. பொருள்: ஸ்டோரு. குறை: உள்ளே. மறுசோதனை: தினமும். கீழே அவர் கையெழுத்து.

கோபம் தலைக்கேறியது. யார் இந்த ஆள்? கையில் கட்டிங் பிளேயர் இருந்தது. ஒரு நறுக்கு, கம்பி போய்விடும். உடம்பு மாத்திரைக்குப் பறக்கிறது, நெற்றியில் வேர்வை வழிகிறது, கை மட்டும் கம்பிக்குப் பக்கத்தில் போய் நின்றுவிட்டது. ஏழு வருஷத்தில் ஒரு மஞ்சள் டேக்கைக்கூட நான் கழற்றினதில்லை. கழற்ற வந்த சூப்பர்வைசர்களோடு சண்டை போட்டவன். பழக்கம் என்றால் மாத்திரை மட்டும்தானா? இதுவும் பழக்கம்தான். சிரிக்காதீர்கள், சொந்தச் சோற்றுப் பையைத் திறக்க முடியாமல் அரை மணி நேரம் அதன் எதிரே உட்கார்ந்திருந்தேன்.

இனிமேல் இங்கே இருக்கக் கூடாது என்று முடிவு பண்ணினேன். ஒரகடத்தில் மச்சான் இருக்கிறான், அங்கே யாருக்கும் என்னைத் தெரியாது. ராஜினாமா எழுத ஒரு வெள்ளைத்தாளை எடுத்தபோது அண்ணன் வந்து நின்றார். தன் கையால் கம்பியை அவிழ்த்தார். ஊறுகாய் டப்பாவைத் தூக்கி அடியில் இருந்த மாத்திரை அட்டையை எடுத்துப் பார்த்தார்.

“எத்தினி?”

“நாலு.”

“நாலு நாளைக்கு ஒண்ணா, ஒரு நாளைக்கு நாலா?”

“ஒரு நாளைக்கு” என்றேன். அவர் சாப்பாட்டை என் பக்கம் நகர்த்தினார். “துண்ணு. சோறு பச்ச.” பிறகு அந்த வெள்ளைத்தாளைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

“என் ரூம்ல ஒர்த்தன் இருந்தான். மோல்டிங்ல வேல. ஒரே பாட்ட ஒரு வருசம் பாடிக்கினே இருந்தான். லவ்வு மேட்டரு, பாவம், வுடுன்னு நானும் தாளம் போட்டுக்கினு கேட்டேன் நைனா. போதைலயே பூட்டான். அவன் ஊட்டுக்கு சாவு சேதி சொல்லப் போனதும் நான்தான்.”

நான் அழுதேன். ஸ்டோரில், ரசம் சாதத்தின் மேலேயே அழுதேன்.

“எனக்கு சிவப்பு கட்டலியேண்ணே?”

“இரும்புக்குத்தான் செவப்பு. வா, சனிக்கெழம ஆஸ்பத்திரிக்குப் போறோம்.”

போனோம். திருவள்ளூர் பெரியாஸ்பத்திரியில் போதை மறுவாழ்வுக்கென்று தனி வரிசை. முன்னால் நின்றவர், “நீங்க யாருண்ணே, இவரோட வந்துகிறீங்க?” என்று கேட்டார். அண்ணன் விறைப்பாக, “இன்ஸ்பெக்டர்” என்றார். வரிசையில் மூன்று பேர் ஓடிப்போனார்கள். குவாலிட்டி இன்ஸ்பெக்டர், வால்வு கம்பெனி என்று கத்திக்கொண்டே அவர் பின்னால் ஓடி, கேட் வரைக்கும் போய் மூன்று பேரையும் கையைப் பிடித்து இழுத்து வந்தார். “எனக்கு முன்ன அவங்க நிக்கட்டும்” என்று எங்கள் இடத்தையும் கொடுத்துவிட்டார். டாக்டர் என்னிடம், ஒரேயடியாக நிறுத்தக் கூடாது, கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்றார். இரண்டே வாரத்தில் அண்ணன் அந்த டாக்டரின் ரிங்டோனுக்கும் மஞ்சள் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் நானே சொன்னேன். அண்ணன் வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றுகொண்டிருந்தார். என் வீட்டுக்காரி என்னைத் தாண்டி வாசலுக்குப் போய், அவரைத்தான், “உள்ள வாண்ணே, காபி சாப்புடு” என்று கூப்பிட்டாள்.

தினமும் பஸ்ஸில் என் கண்ணைப் பார்த்தார், விரலை நீட்டச் சொல்லிப் பார்த்தார். மஞ்சள் டேக்கை மட்டும் பையின் ஒரு காதில் மாற்றிக் கட்டிவிட்டார். நடுவில் ஒரு தரம் வழுக்கினேன். திட்டவில்லை, கம்பியை மட்டும் இன்னொரு சுற்று சுற்றினார். அவர் ரிட்டையர் ஆன அன்றைக்கு, “இப்பவாச்சும் கழட்டுண்ணே, ரெண்டு வருசமாத் தொடல” என்றேன். “மறுசோதனை முடியல நைனா” என்று சொல்லிவிட்டு ஆரம்பாக்கத்துக்கு அந்தப் பக்கம், ஆந்திர எல்லையோரம் இருக்கிற தன் ஊருக்குப் போய்விட்டார். தனிக்கட்டை. வியாழக்கிழமை தவறாமல் பஸ் நேரத்துக்கு போன் வரும். “ஸ்டோரு, இன்னா பாட்டு கேக்கற?”

போன வியாழக்கிழமை அவர் போன் வரவில்லை. முந்தின வாரமும் வரவில்லை. நான் கூப்பிட்டேன், பத்தாவது ரிங்கில் எடுத்தார்.

“போன்ல சார்ஜ் இல்ல நைனா.”

இந்தப் பொய்யை மூன்று வியாழக்கிழமை சொன்னவன் நான். குரலே சரியில்லை. “அண்ணே, நீங்க இன்னா பாட்டு கேக்கறீங்க?” என்றேன்.

“பாட்டெல்லாம் இப்ப கேக்கறதில்ல நைனா. ஒண்ணும் புடிக்கல” என்று வைத்துவிட்டார்.

பாட்டே கேட்காதவனுக்கு என்ன டேக் என்று அவர் எனக்குச் சொல்லித் தரவில்லை. ஆரம்பாக்கம் பஸ்ஸில் உட்கார்ந்து இதை எழுதிக்கொண்டிருக்கிறேன். சட்டைப் பையில் ஸ்டோரிலிருந்து எடுத்து வந்த மஞ்சள் டேக் ஒன்று இருக்கிறது. பொருள்: அண்ணன். மறுசோதனை: தினமும். கையெழுத்து என்னுடையது, நானே வந்து கழற்றுகிற வரை அவரை யாரும் எங்கேயும் நகர்த்தக் கூடாது.